பச்சோந்தி கலர் காட்டுறது உங்களுக்காக இல்லை

முதல்லயே சொல்லிடறேன். இது "பச்சோந்தி வளர்ப்பது எப்படி" பதிவு இல்லை. "ஐயோ பாவம், யாரும் வளர்க்காதீங்க" பதிவும் இல்லை. அமெரிக்காவில் பச்சோந்தியை நமக்கு விற்கிற விதத்தைத் திட்டுகிற பதிவு. விற்கிறவன் சொல்வதை அப்படியே நம்பி, கையில் ஒரு டப்பாவோடு வெளியே வருகிற நம்மாளுங்களுக்கும் கொஞ்சம் விழும். கோச்சுக்காதீங்க மக்களே.

எப்படி ஆரம்பிக்குதுன்னு எல்லாருக்கும் தெரியும். நாய் வாங்கலாம்னா அபார்ட்மென்ட்காரன் மாசா மாசம் தனி வாடகை கேக்கறான். பூனைன்னா தங்கமணிக்குத் தும்மல். பையனோ எதாவது ஒண்ணு வேணும்னு அடம். சனிக்கிழமை சாயங்காலம் குடும்பத்தோட கடைக்குப் போறாங்க. அங்கே கண்ணாடிக்குப் பின்னாடி, ரெண்டு கண்ணையும் ரெண்டு திசையில சுழட்டிக்கிட்டு, விரல் நீளத்துக்கு ஒரு பச்சைக் குட்டி. "குலைக்காது, முடி கொட்டாது, வாக்கிங் கூட்டிட்டுப் போக வேணாம். முதல் தடவை வளர்க்கறவங்களுக்கு ரொம்ப ஈஸி" என்கிறார் கடைப் பையன். விலை ஐம்பது அறுபது டாலர். முடிஞ்சுது கதை.

"முதல் தடவை வளர்க்கறவங்களுக்கு ஈஸி." இந்த ஒரு வரிதான் என் பிரச்சினை. இது பச்சைப் பொய். (பச்சோந்திக்குப் பச்சைப் பொய், தானா அமைஞ்சுது :-)) இந்தப் பொய்க்கு விலை கொடுக்கிறது வாங்குறவர் கூட இல்லை. அந்தக் குட்டிதான் கொடுக்குது.

முதல்ல இந்தக் கலர் விவகாரத்தை முடிச்சிடலாம். ஏன்னா பாதி பேர் வாங்குறதே அதுக்குத்தான்.

நம்ம ஊர்ல பச்சோந்தின்னா கட்சி தாவுற அரசியல்வாதி. எந்த இடத்துல உக்காருதோ அந்த நிறத்துக்கு மாறிடும்னு சின்ன வயசுலேர்ந்து கேட்டு வளர்ந்திருக்கோம். கலர் கலர் மூக்குக் கண்ணாடி மேல ஏறி இறங்கி, சிவப்பு, நீலம், மஞ்சள்னு மாறுற வீடியோவை வேற எல்லாரும் ஃபார்வேர்ட் பண்ணிட்டாங்க. அது எடிட்டிங் மக்களே. பச்சோந்திக்கு அந்த வித்தை தெரியாது.

சாதாரணமா இருக்கும்போது அது இலையோட இலையா, கிளையோட கிளையா இருக்கும். அந்த வரைக்கும் மறைஞ்சுக்கிறது உண்மைதான். ஆனா சட்டுனு நிறம் மாறுதே, அது வேற. 2008-ல் டெவி ஸ்டூவர்ட்-ஃபாக்ஸ், அட்னான் முசல்லி என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் தென்னாப்பிரிக்கப் பகுதியின் குட்டைப் பச்சோந்தி இனங்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அதிகமாக நிறம் மாறும் இனம் எது? அதிக விதமான பின்னணியில் வாழும் இனம் இல்லை. தன் இனத்துக்காரன் கண்ணில் பளிச்சென்று படுகிற மாதிரி சிக்னல் காட்டுகிற இனம். 2013-ல் ரஸ்ஸல் லிகன், கெவின் மெக்ரா என்ற இருவர் ஏமன் பச்சோந்தி ஆண்களை எதிரெதிரே விட்டுப் பார்த்தார்கள். யார் தலை பிரகாசமாக, வேகமாக நிறம் மாறுகிறதோ அவன்தான் பெரும்பாலும் ஜெயித்தான். அதாவது நிறம் என்பது அதுக்குப் பேச்சு. "கிட்ட வந்தே, பிச்சுடுவேன்", "ஐயா சாமி, என்னை விட்டுடு", "குளிருது", "பயமா இருக்கு". இவ்வளவுதான் டயலாக்.

அது எப்படி நடக்குதுன்னு 2015-ல் ஜெனீவா பல்கலைக்கழகத்துக்காரங்க மடகாஸ்கரின் பாந்தர் பச்சோந்தியை வைத்துக் காட்டினார்கள். தோலுக்குள்ள குவானின் என்ற பொருளின் நுண்ணிய படிகங்கள் வரிசையா அடுக்கி இருக்கு. நிம்மதியா இருந்தா அடுக்கு நெருக்கமா இருக்கும், நீல ஒளியைத் திருப்பி அனுப்பும். அதுமேல தோலோட மஞ்சள் நிறமியும் சேர்ந்தா நமக்குத் தெரியறது பச்சை. உணர்ச்சிவசப்பட்டா அடுக்கு விலகும், பச்சை போய் மஞ்சள், ஆரஞ்சு பக்கம் தாவும். நிம்மதிக்கு ஒரு நிறம், டென்ஷனுக்கு ஒரு நிறம்.

இப்போ கடைக்குத் திரும்பிப் போங்க. அந்தப் பையன் குட்டியைப் புடிச்சு உங்க பையன் உள்ளங்கையில வைக்கிறார். இளம்பச்சையா இருந்தது கருத்துப் போய், கோடும் புள்ளியுமா ஆகுது. "பாருங்க சார், கலர் மாறுது!" குடும்பமே கைதட்டுது. அங்கே நடக்கிறது வேடிக்கை இல்லை, கூச்சல். அதுக்குத் தொண்டையில சத்தம் இல்லாததால தோல்ல கத்துது. ஒரு நாய்க்குட்டி அதே மாதிரி வீல்னு கத்தியிருந்தா யாராவது கைதட்டியிருப்பாங்களா?

அடுத்து அந்தப் பெட்டி. "ஸ்டார்ட்டர் கிட்"னு ஒண்ணு கட்டி வச்சிருப்பாங்க. நான் ஒரு நண்பருக்காக ஒரு பெரிய கடையில நின்னு அந்தப் பெட்டியில இருக்கறதை ஒவ்வொண்ணா எடுத்துப் பார்த்தேன். சின்னதா ஒரு கண்ணாடித் தொட்டி. சுருள் சுருளா ஒரு குட்டி யூவி பல்பு. ராத்திரிக்குச் சிவப்பு பல்பு. தண்ணி கிண்ணம். தரையில போட மரத்தூள். ஒரு பச்சோந்தியை மெதுவாக் கொல்லணும்னு யாராவது ஒரு கமிட்டி போட்டு யோசிச்சாக் கூட இவ்வளவு கச்சிதமா லிஸ்ட் போட முடியாது.

கிண்ணம்: பச்சோந்தி பொதுவா தேங்கி நிக்கிற தண்ணியைத் தண்ணின்னே கண்டுக்காது. இலையில சொட்டுற துளியைத்தான் நக்கிக் குடிக்கும். கிண்ணம் நிறைய தண்ணி வச்சுட்டு, பக்கத்துலயே தாகத்துல கண் உள்ள போய்க் கிடக்கிற பிராணியை ஏன்னு புரியாம பார்த்துக்கிட்டிருப்பாங்க. தினமும் இலை நனையற மாதிரி தெளிக்கணும், சொட்டுச் சொட்டா விழற மாதிரி ஒரு ஏற்பாடு வேணும். குளிர்காலத்துல ஹீட்டர் ஓடுற அபார்ட்மென்ட்ல காத்து எவ்வளவு வறண்டு போகும்னு உங்க உதட்டைக் கேட்டாலே சொல்லும்.

சிவப்பு பல்பு: அதுக்கு ராத்திரின்னா ராத்திரிதான். இருட்டு வேணும். 18, 20 டிகிரி செல்சியஸ் வரைக்கும் குளிர்ந்தா அதுக்கு நல்லது. வெளிச்சம் போட்டுத் தூங்க விடாம பண்றதுக்குத் தனியா காசு வாங்கறாங்க.

தொட்டி: ஏமன் பச்சோந்தி ஆண் வளர்ந்தா வாலோட சேர்த்து ஒன்றரை அடிக்கு மேல போகும். மரத்துல வாழற ஜீவன். அதுக்கு நீளம் அகலம் ரெண்டு ரெண்டு அடி, உயரம் நாலு அடி, உள்ளே அடர்த்தியா செடி கொடி வேணும். கண்ணாடிக் கூண்டே தப்புன்னு சொல்ல வரலை. கீழேர்ந்து மேல காத்து ஓடுற மாதிரி வழி வச்ச உயரமான கண்ணாடிக் கூண்டுல பிரமாதமா வளர்க்கறவங்க இருக்காங்க. நான் சொல்றது மீன் தொட்டி சைஸ்ல, காத்தே இல்லாத அந்த ஈர டப்பாவை. அதுலயும் கண்ணாடியில தன் உருவமே தெரிஞ்சா எதிரி வந்துட்டான்னு நாள் முழுக்க சண்டைக்கு நிக்கும்.

எல்லாத்தையும் விட மோசம் அந்த பல்புதான். யூவி-பி கதிர் தோல்ல பட்டாத்தான் அது உடம்புல டி3 வைட்டமின் உண்டாகும். டி3 இருந்தாத்தான் சாப்பிட்ட கால்சியம் எலும்புக்குப் போகும். இல்லைன்னா உடம்பு தன் எலும்பையே கரைச்சு எடுத்துக்கும். கால் வில்லா வளையும், தாடை ரப்பராகும், கிளையைப் பிடிக்கத் தெம்பு இருக்காது, நாக்கை நீட்டி இரை புடிக்க முடியாது. அந்தச் சுருள் பல்பு ஒரு மூலையில கொஞ்சம் இடத்துக்குத்தான் கதிர் வீசும். வேணுங்கறது கூண்டு அகலத்துக்கு நீளமான டி5 ட்யூப். அதுவும் காலப்போக்கில யூவி குறைஞ்சுக்கிட்டே வரும், ஆனா வெளிச்சம் அப்படியே இருக்கும். நம்ம பாஷையில சொன்னா, சர்வர் பிங் அடிச்சா பதில் சொல்லுது, உள்ளே சர்வீஸ் செத்துப் போச்சு. "ஜன்னல் பக்கத்துல வச்சிருக்கேன், நல்லா வெயில் படுது" என்பாங்க. ஜன்னல் கண்ணாடி யூவி-பியை நிறுத்திடும். உள்ளே வர்றது வெளிச்சமும் சூடும் மட்டும்தான்.

இப்போ இதுல இருக்கிற நுண்ணரசியலைப் பாருங்க. எலும்பு வளைய சில மாசம் ஆகும். கடைக்காரர் கொடுக்கிற உத்தரவாதம் சில வாரம். பச்சோந்தி வேற, நோயைக் கடைசி வரைக்கும் மறைக்கிற ஜாதி. காட்டுல நோஞ்சான்னு தெரிஞ்சா எவனாவது தின்னுடுவான். அதனால பகல்லயே கண்ணை மூடிக்கிட்டு உக்கார ஆரம்பிச்சா, கதை ஏற்கெனவே ரொம்ப தூரம் போயாச்சுன்னு அர்த்தம். அப்போ வாங்கினவர் என்ன நினைப்பார்? "மூணு மாசம் நல்லாத்தான் இருந்துச்சு, நாமதான் ஏதோ தப்பு பண்ணிட்டோம்." பையன் அழுவான். கடைக்காரர்? அடுத்த சனிக்கிழமைக்கு அடுத்த குட்டி தயார்.

இதையெல்லாம் சொன்னா வர்ற பதில்கள் எனக்கு மனப்பாடம். வரிசையா வருவோம்.

"இது காட்டுலேர்ந்து புடிச்சது இல்லீங்க, பண்ணையில பிறந்தது. பழகியிருக்கும்." பண்ணையில பிறந்தது வேற, பழகினது வேற. நாய் மனுஷனோட ஆயிரக்கணக்கான வருஷம் குப்பை கொட்டியிருக்கு. பச்சோந்தி சில தலைமுறையாத்தான் கூண்டுல இருக்கு. பண்ணைக் குட்டிக்கு ஒட்டுண்ணி கம்மி, பயணக் களைப்பு கம்மி, காட்டுக்கும் நஷ்டமில்லை. அதனால வாங்கினா பண்ணைக் குட்டிதான் வாங்கணும், ஒத்துக்கறேன். ஆனா அதோட எலும்புக்கும் அதே ஏமன் வெயில்தான் வேணும். அது எங்க பிறந்ததுன்னு எலும்புக்குத் தெரியாது.

"என் கைக்கு ஆசையா ஏறி வருதே?" ஏறுதுதான். கையிலேர்ந்து தோளுக்கு, தோள்லேர்ந்து தலைக்கு. உசரமா ஒரு மரம் கிடைச்சா ஏறித் தப்பிக்கலாம்னு பார்க்குது. அந்த மரம் நீங்க, அவ்வளவுதான். சிலது கையிலேர்ந்து இரை வாங்கித் தின்னப் பழகும், உண்மை. அதுக்குப் பேர் பாசம் இல்லை, "இவனால ஆபத்து இல்லை" என்ற முடிவு. என்னைக் கேட்டா, ஒரு பச்சோந்தி மனுஷனுக்குக் கொடுக்கக்கூடிய பெரிய சர்டிபிகேட்டே அதுதான். அது போதாது, கொஞ்சணும், மடியில வச்சுத் தடவணும்னா நீங்க தேடுற பிராணி வேற.

"தனியா இருக்கே, ஜோடி வாங்கி விடலாமா?" தயவுசெஞ்சு வேணாம். தனிமை அதுக்கு தண்டனை இல்லை, சொகுசு.

"பொண்ணா இருந்தா என்ன?" இந்தக் கேள்வியை யாரும் கேக்கறதே இல்லை, அதுதான் கொடுமை. ஏமன் பச்சோந்தியில ஆண் பெண் கண்டுபிடிக்க குட்டி வளரவே வேண்டாம். ஆணுக்குப் பின்னங்கால்ல குதிகால் பக்கம் சின்ன முள் மாதிரி ஒண்ணு பிறந்ததிலேர்ந்தே இருக்கும், பெண்ணுக்கு இருக்காது. பார்க்க ஒரு நிமிஷம் போதும். கடையில பார்க்க மாட்டாங்க, சொல்லவும் மாட்டாங்க. பெண் ஏமன் பச்சோந்தி ஆண் வாசனையே இல்லாமலும் முட்டை போடும். அதுவும் ஒண்ணு ரெண்டு இல்லை, டஜன் கணக்குல. பாசம் பொங்கி அள்ளி அள்ளிப் போட்டு, சூட்டையும் ஏத்தி வச்சா இன்னும் அதிகமாப் போடும். அதுக்கு ஈர மணல் ஆழமா நிரப்பின ஒரு தொட்டி வேணும், குழி தோண்டி முட்டையிட. தொட்டி இல்லைன்னா முட்டையை உள்ளயே அடக்கி வச்சு செத்துப் போகும். பிரசவத்துக்கு இடமில்லாம ஒரு ஜீவன் சாகறதை "என்னவோ திடீர்னு போயிடுச்சு"ன்னு சொல்லிட்டு அடுத்த வேலையைப் பார்க்கறோம். அந்த "என்னவோ"வை ஒரு துண்டுச்சீட்டுல எழுதி ஒட்டியிருந்தா முதல் நாளே தெரிஞ்சிருக்கும்.

"அறுபது டாலர் பிராணிக்கு இருநூறு டாலர் டாக்டரா?" இதுதான் எனக்கு உச்சகட்டக் கடுப்பு. விலை அறுபது டாலர்னு போட்டது நீங்களும் கடைக்காரரும் பேசிக்கிட்ட கணக்கு. வலி அந்தக் கணக்குல வராது. நல்ல கூண்டு, ட்யூப், சூடு பல்பு, செடி, தெளிக்கிற மெஷின், கால்சியம் பொடி எல்லாம் சேர்த்தா 400, 500 டாலரைச் சுலபமாத் தாண்டும். குட்டிதான் இருக்கறதுலயே மலிவான அயிட்டம். இந்த மொத்தத் தொகையை முதல்ல சொன்னா பாதி பேர் கடையிலயே திரும்பிடுவாங்க. அதனாலதான் சொல்றதில்லை.

"ஒத்து வரலைன்னா எங்கயாவது மரத்துல விட்டுடலாம்." அடப்பாவிகளா! இதையும் ஒருத்தர் செஞ்சு பார்த்தாச்சு. 1972-ல் கென்யாவிலிருந்து ஹவாய்க்கு வந்த சில டஜன் ஜாக்சன் பச்சோந்திகள் பயணத்தில் வாடிப் போயிருந்தன. தேறட்டுமேன்னு ஒரு வியாபாரி ஓவாஹு தீவில் தன் தோட்டத்தில் விட்டார். நல்ல மனசுதான். அவை தேறி, பெருகி, தீவு தீவாய்ப் பரவி, அந்த மண்ணுக்கே உரிய பூச்சிகளையும் நத்தைகளையும் தின்னுக்கிட்டிருக்கு. புளோரிடாவில் ஏமன் பச்சோந்தி காட்டுலயே முட்டை போட்டுப் பெருகி வாழுது. குளிர் மாநிலத்துல விட்டா அந்தப் பிரச்சினை இல்லை, முதல் பனியில செத்துடும். ரெண்டுல எது உங்களுக்கு வசதி?

நம்ம ஊர்ப் பழமொழி ஒண்ணு, வேலியில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்டு குத்துதே குடையுதேன்னானாம். வேட்டிக்காரன் புலம்பல் நமக்குத் தெரியும். ஓணானோட புலம்பலை யாரும் பழமொழியாக்கலை.

ஊர்ல இருக்கறவங்களுக்கும் ஒரு வார்த்தை. நம்ம பச்சோந்தி, தமிழ்நாட்டுக் காட்டுலயும் முள்ளுக்காட்டுலயும் இருக்கிற அந்த ஒரே இனம், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டது. புடிக்கிறதும் வளர்க்கிறதும் விக்கிறதும் குற்றம். வெளிநாட்டு இனத்துக்கும் 2022 சட்டத்திருத்தத்துக்கு அப்புறம் அரசாங்கத்துல பதிவு வேணும். "சும்மா ரெண்டு நாள் வச்சிருந்துட்டு விட்டுடறேன்"க்கு எல்லாம் விதிவிலக்கு கிடையாது.

சரி, அப்ப யாரும் வளர்க்கவே கூடாதா? கூடும். என் வீட்டுல ஒண்ணு மூணு வருஷமா இருக்கு, ஏமன் ஆண். நல்லாக் கவனிச்சா அஞ்சு வருஷத்துக்கு மேலயே இருக்கும். ட்யூப், தண்ணி, செடி, கால்சியம், தனிமை. இந்த அஞ்சும் சரியா இருந்தா அது அப்படி ஒண்ணும் மர்மமான ஜீவன் இல்லை. கஷ்டம் பிராணியில இல்லை, வரிசையில இருக்கு. பிராணியை முதல்ல வித்துட்டு வீட்டை அப்புறம் விக்கிறாங்க. புரொடக்‌ஷன்ல போட்டுட்டு டெஸ்ட் பண்ற கதை. ஆபீஸ்ல அப்படிப் பண்ணினா நம்மளை என்ன பண்ணுவாங்க?

அதனால கடைக்காரர்களுக்கு என் கோரிக்கை மூணே மூணு. கூண்டையும் குட்டியையும் ஒரே நாள்ல விக்காதீங்க. கூண்டு ரெண்டு வாரம் காலியா ஓடட்டும், சூடும் ஈரமும் நிலையா நிக்குதுன்னு தெரிஞ்சப்புறம் வரச் சொல்லுங்க. விலைச் சீட்டுல வளர்ந்த அளவு, ஆயுசு, ஆணா பெண்ணா, மொத்தச் செலவு நாலையும் எழுதுங்க. அந்த ஸ்டார்ட்டர் கிட்டைக் குப்பையில போடுங்க. இதைச் செஞ்சா வியாபாரம் குறையும்னு எனக்குத் தெரியும். குறையணும்னுதான் சொல்றேன்.

வாங்கப் போறவங்களுக்கு மூணு கேள்வி. உங்க ஊர்ல ஊர்வனவைப் பார்க்கிற டாக்டர் யாருன்னு இப்பவே தெரியுமா? டிசம்பர்ல மூணு வாரம் ஊருக்குப் போகும்போது தினமும் தண்ணி தெளிச்சு பூச்சி போடப் போறது யாரு? ஃபிரிட்ஜ்ல முட்டைக்கே இடமில்லாத வீட்டுல, ராத்திரி பூரா கத்துற கிரிக்கெட் பூச்சி டப்பாவுக்கு இடம் உண்டா? மூணுக்கும் பதில் இருந்தா தாராளமா வாங்க, நானே கூட வந்து கூண்டு மாட்டித் தரேன்.

ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க. எந்தக் கலரும் காட்டாம, இளம்பச்சையா, இலைக்கு நடுவுல எங்க இருக்குன்னு அஞ்சு நிமிஷம் தேட வைக்கிற பச்சோந்தி உங்க வீட்டுல இருந்தா நீங்க நல்லா வளர்க்கறீங்க. அது போரடிக்குதுன்னா ஒரு டிவி வாங்கிக்கங்க. கலர் அதுல இன்னும் நல்லாத் தெரியும்.

டிஸ்கி: நான் மிருக வைத்தியர் இல்லை, பொட்டி தட்டுறவன். உங்க பச்சோந்தி பகல்ல கண்ணை மூடிக்கிட்டு உக்காந்திருந்தா எனக்கு எழுதிக்கிட்டு இருக்காதீங்க, டாக்டர்கிட்ட ஓடுங்க.